நிர்வாணாவின் ‘இன் யூட்டரோ’ டீலக்ஸ் மறுவெளியீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிர்வாணா ராக் குழுவின் ‘இன் யூட்டரோ’ ஆல்பம் வந்து முப்பது ஆண்டு ஆனதையொட்டி, 2023 அக்டோபர் 27 அன்று அதன் ரீமாஸ்டர் செய்யப்பட்ட டீலக்ஸ் பதிப்பு வெளியானது. இருபதாம் ஆண்டுக்கு 2013ல் ஒரு பெட்டித் தொகுப்பு (பாக்ஸ் செட்) ஏற்கெனவே வந்திருந்தது. இரண்டும் ஒன்றா, எதை வாங்குவது, எதைக் கேட்பது என்று புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு நிறையவே குழப்பம் இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

முதலில், இது என்ன ஆல்பம்?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உருவான நிர்வாணாவின் மூன்றாவது ஸ்டுடியோ ஆல்பம், அதுவே கடைசியும் ஆனது. கர்ட் கோபேன் கிட்டாரும் குரலும், கிறிஸ்ட் நோவோசெலிக் பேஸ், டேவ் க்ரோல் டிரம்ஸ். பன்னிரண்டு பாட்டு, மொத்தம் 41 நிமிடம். 1993 செப்டம்பரில் வெளிவந்து, முதல் வாரமே சுமார் 1,80,000 பிரதி விற்று பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஏப்ரலில் கோபேன் இறந்துவிட்டார். அதனால் இந்த ஆல்பத்தைப் பலர் மரண சாசனம் போலக் கேட்கிறார்கள். அது கொஞ்சம் அநியாயம். பதிவு செய்த நாட்களில் மூவரும் குஷியாக இருந்தார்கள், ஸ்டுடியோவில் ஒருவரையொருவர் கலாய்த்துக்கொண்டும் தொலைபேசியில் வெளியாட்களை ஏமாற்றிக்கொண்டும் இருந்தார்கள் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மறுவெளியீடு என்றால் ஒலியைக் கொஞ்சம் மெருகேற்றி விற்பதுதானே? இதற்கு மட்டும் ஏன் இத்தனை பேச்சு?

இந்த ஆல்பத்தின் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பதிலேயே, வெளிவருவதற்கு முன்பே பெரிய சண்டை நடந்தது. அந்தக் கதை தெரியாமல் இரண்டு பெட்டிகளுக்கும் உள்ள வித்தியாசம் புரியாது.

1991ல் வந்த ‘நெவர்மைண்ட்’ உலகம் முழுக்க ஓடியது. புட்ச் விக் தயாரித்தார், ஆண்டி வாலஸ் மிக்ஸ் செய்தார். பளபளவென்ற ஒலி. வானொலியில் போட்டால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். கோபேனுக்கு அந்தப் பளபளப்பு பின்னால் கசந்தது. அடுத்த ஆல்பத்துக்கு ஸ்டீவ் அல்பினி வேண்டும் என்று சொன்னார். பிக்ஸீஸ் குழுவின் ‘சர்ஃபர் ரோசா’வையும் பிரீடர்ஸ் குழுவின் ‘பாட்’டையும் பதிவு செய்தவர் அல்பினி. இரண்டுமே கோபேனுக்கு உயிர்.

இதில் ஒரு வேடிக்கை. நிர்வாணாவுடன் வேலை செய்யப்போகிறார் என்று வதந்தி பரவியபோது, அதெல்லாம் இல்லை என்று பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகளுக்கு அல்பினி மறுப்பே அனுப்பிவிட்டார். அனுப்பிச் சில நாளில் குழுவின் நிர்வாகத்திடமிருந்து அவருக்கு அழைப்பு வந்தது.

அல்பினி தயாரிப்பாளரா, ஒலிப்பதிவாளரா?

அவரிடம் தயாரிப்பாளர் என்று சொன்னால் கோபம் வரும். அட்டையில் ‘பதிவு செய்தவர்’ என்று போட்டால் போதும் என்பார், போடாவிட்டாலும் பரவாயில்லை என்பார். குழு வாசிப்பதை உள்ளபடி நாடாவில் பிடிப்பது மட்டுமே தன் வேலை என்பது அவருடைய கொள்கை.

பணத்திலும் அதே கொள்கைதான். சேர்வதற்கு முன் குழுவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஒரு ஆல்பத்தை முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனால் யாரோ சொதப்புகிறார்கள் என்று அர்த்தம். குழாய் ரிப்பேருக்கு வருபவருக்குக் கொடுப்பதுபோல வேலைக்கு உள்ள கூலியைக் கொடுத்தால் போதும். விற்பனையில் பங்கு வாங்குவது தப்பு, பாட்டு குழுவுடையது. இதுதான் கடிதத்தின் சாரம். ஒரே தொகையாக 1,00,000 டாலர் வாங்கிக்கொண்டார், ராயல்டி ஒரு காசு இல்லை. ‘நெவர்மைண்ட்’ விற்ற விற்பனைக்கு அடுத்து வரும் ஆல்பம் என்றால் அந்தப் பங்கு எத்தனை லட்சம் டாலர் ஆகும் என்பது அவருக்கும் தெரியும், குழுவுக்கும் தெரியும். இன்று மறுவெளியீட்டில் விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் இதே கணக்குத்தான். 2024 மே 7 அன்று தன் 61வது வயதில் இறக்கும்வரை அந்தக் கொள்கையில் அவர் இறங்கி வரவில்லை. இசைத்துறையில் இப்படி ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு இந்த ஆல்பத்தின் ஒரு பாகம்.

எங்கே, எப்படிப் பதிவு செய்தார்கள்?

மினசோட்டா மாநிலத்தில் கேனன் ஃபால்ஸ் என்ற சிற்றூர். அங்கே காட்டுக்குள் இருந்தது பேக்கிடெர்ம் ஸ்டுடியோ. 1993 பிப்ரவரி, கடும் பனிக்காலம். யாருக்கும் தெரியக்கூடாது என்று ‘சைமன் ரிச்சி புளூகிராஸ் என்செம்பிள்’ என்ற பொய்ப்பெயரில் இடம் பிடித்தார்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் சிட் விஷஸ்தான் சைமன் ரிச்சி, அது அவருடைய நிஜப்பெயர். ஸ்டுடியோ வாடகை 24,000 டாலரைக் குழுவே கொடுத்தது. இரண்டு வாரத்தில் பதிவும் மிக்ஸும் முடிந்தன.

மூவரும் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். முதல் டேக்கிலேயே பல பாட்டு முடிந்தது. டிரம்ஸுக்கு மட்டும் முப்பது மைக் அளவுக்கு வைத்தார் அல்பினி. டிரம்ஸுக்குப் பக்கத்தில் மட்டுமல்ல, சுவர் ஓரம், தரை என்று அறையின் எதிரொலியையும் பிடிக்கிற மாதிரி வைத்தார். ‘சென்ட்லெஸ் அப்ரென்டிஸ்’ பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். க்ரோல் அடிக்கும் ஒவ்வோர் அடிக்குப் பின்னாலும் அறை பதில் சொல்வது கேட்கும். இயந்திரத்தால் சேர்த்த எதிரொலிக்கு அந்தக் கனம் வராது. ‘வெரி ஏப்’, ‘டூரெட்ஸ்’ இரண்டுக்கும் டிரம்ஸைச் சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்துப் பதிவு செய்தார்கள், அங்கே எதிரொலி நன்றாக இருந்ததாம்.

கோபேன் பெரும்பாலான பாட்டுகளுக்கு ஒரே நாளில் குரல் கொடுத்து முடித்தார். ‘டம்ப்’, ‘ஆல் அபாலஜீஸ்’ பாட்டுகளில் செல்லோ வாசித்தவர் கெரா ஷேலி.

கம்பெனிக்குப் பிடிக்கவில்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் கதையாகச் சொல்லிச் சொல்லி ஊதிப்போயிற்று.

பதிவை முதலில் கேட்ட, ஆல்பத்தை வெளியிட வேண்டிய கெஃபன் கம்பெனிக்காரர்களும் குழுவின் மேலாளர்களும் முகம் சுளித்தார்கள். 1993 ஏப்ரலில் சிகாகோ டிரிப்யூன் நாளிதழில், கம்பெனி இதை வெளியிடுமா என்பதே சந்தேகம் என்று அல்பினி பேசினார். நியூஸ்வீக்கும் அதையே எழுதியது. பதிலுக்குக் குழு பில்போர்டு இதழில் முழுப்பக்கம் விளம்பரமே கொடுத்து, கம்பெனி எங்களை நெருக்கவில்லை என்று மறுத்தது.

அடிப்படையில் குழுவுக்கே உள்ளூர சந்தேகம் இருந்தது. வீட்டில் போட்டுக் கேட்டபோது பேஸ் தெளிவாக இல்லை, பாட்டு வரிகள் அமுங்கிவிடுகின்றன என்று அவர்களுக்கே தோன்றியது. ஆர்.இ.எம். குழுவுடன் வேலை செய்து பெயர் வாங்கிய ஸ்காட் லிட்டைக் கூப்பிட்டு ‘ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்’, ‘ஆல் அபாலஜீஸ்’ இரண்டையும் ரீமிக்ஸ் செய்ய வைத்தார்கள். ‘ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்’ பாட்டுக்குக் கோபேன் அக்கூஸ்டிக் கிட்டாரும் கூடுதல் குரலும் சேர்த்துக் கொடுத்தார். மற்ற பத்துப் பாட்டின் மிக்ஸில் யாரும் கை வைக்கவில்லை. மாஸ்டரிங் கட்டத்தில் (அது என்ன என்று அடுத்த கேள்வியில்) பேஸைக் கூர்மையாக்கி, குரலை ஏறத்தாழ 3 டெசிபெல் உயர்த்தினார்கள், அவ்வளவுதான்.

கடைக்கு வந்தது தான் பதிவு செய்தது மாதிரி இல்லை என்று அல்பினி பிறகு குறைப்பட்டுக்கொண்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கம்பெனி ஆல்பத்தையே கெடுத்துவிட்டது என்று சொல்பவர்கள் பன்னிரண்டில் இரண்டு பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். ‘மில்க் இட்’ கேட்டுவிட்டு, இதைக் கம்பெனி மழுப்பிவிட்டது என்று யாராவது சொல்ல முடியுமா?

ரீமாஸ்டர், ரீமிக்ஸ் – என்ன வித்தியாசம்?

ஸ்டுடியோவில் டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் எல்லாம் தனித்தனி டிராக்கில் பதிவாகும். அவற்றை இவ்வளவு டிரம்ஸ், இவ்வளவு குரல் என்று அளவு பார்த்து இடது, வலது என்று இரண்டு டிராக்கில் அடக்குவது மிக்ஸ். அந்த இரண்டு டிராக் நாடாவை எடுத்து, மொத்தமாக ஒலி அளவு, கனம், கூர்மை ஆகியவற்றைச் சரிசெய்து, சிடிக்கும் வினைலுக்கும் ஏற்றபடி தயார் செய்வது மாஸ்டரிங்.

இறக்கிவைத்த குழம்புக்கு உப்பும் தாளிப்பும் சரிபார்ப்பதுபோல ரீமாஸ்டர்; போட்ட புளியை அதில் திரும்ப எடுக்க முடியாது. ரீமிக்ஸில் முடியும். தனி டிராக்குகளுக்குத் திரும்பிப்போய்க் கிட்டாரைக் குறைக்கலாம், அன்று விட்டுவிட்ட வாசிப்பைச் சேர்க்கலாம், வேண்டாததைத் தூக்கிப்போடலாம். பழைய பாட்டு புதிதாகவே மாறிப்போகலாம். அதனால்தான் பழைய ரசிகர்கள் ரீமாஸ்டரை முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார்கள், ரீமிக்ஸ் என்றால் சண்டைக்கு வருவார்கள்.

இன்னொன்று. ரீமாஸ்டர் என்றாலே ஒலி கூட்டப்பட்டது என்று ஒரு சந்தேகம் உண்டு. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து ஏறக்குறைய இருபது வருடம், கடையில் மற்ற ஆல்பத்தைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதற்காக மெல்லிய இடத்தையும் உச்சத்தையும் ஒரே மட்டத்துக்கு அழுத்துவது பழக்கமாக இருந்தது. மெதுவாகத் தொடங்கித் திடீரென வெடிப்பதுதான் நிர்வாணாவின் பாணி. அவர்கள் பாட்டை அப்படி அழுத்தினால் மிச்சம் என்ன இருக்கும்?

2013 பெட்டியும் 2023 பெட்டியும் ஒன்றுதானா?

இல்லை. பெயர்தான் ஒன்று, நோக்கம் வேறு.

2013 பெட்டி ஆல்பத்தின் உள்ளே போய்ப் பார்க்கிறது. அல்பினியே நோவோசெலிக், க்ரோல், மேடையில் இரண்டாவது கிட்டார் வாசித்த பேட் ஸ்மியர் ஆகியோருடன் உட்கார்ந்து முழு ஆல்பத்தையும் புதிதாக மிக்ஸ் செய்தார். கூடவே லிட் மாற்றிய இரண்டு பாட்டின் அல்பினி மூலமிக்ஸும், முன்னோட்டப் பதிவுகளான டெமோக்களும், சியாட்டிலின் பியர் 48ல் 1993 டிசம்பர் 13 அன்று எம்டிவிக்காக நடந்த ‘லைவ் அண்ட் லவுட்’ கச்சேரியும் இருந்தன. மூன்று சிடி, ஒரு டிவிடி.

2023 பெட்டி ஆல்பத்தைத் தொடவில்லை. மூல அனலாக் நாடாவிலிருந்து ரீமாஸ்டர் மட்டும் செய்து, இதுவரை அதிகாரபூர்வமாக வராத கச்சேரிகளைச் சேர்த்தது. மொத்தம் 72 டிராக், அதில் 53 அதற்குமுன் வெளிவராதவை. ஆக, மிக்ஸில் ஆர்வம் உள்ளவருக்கு 2013, மேடை நிர்வாணா வேண்டுமென்றால் 2023.

2013 மிக்ஸ் எப்படி? அதுதான் அல்பினி நினைத்த ‘உண்மையான’ ஆல்பமா?

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். 1993ல் அவர் செய்த மிக்ஸ் வேறு, இருபது வருடம் கழித்துச் செய்தது வேறு. 1993 மிக்ஸ்தான் பத்துப் பாட்டில் இன்றும் நாம் கேட்பது. 2013 மிக்ஸ், அதே நாடாவிலிருந்து இன்னொரு ஆல்பம் வந்திருக்க முடியுமா என்று பார்த்த பரிசோதனை.

கேட்டால் திடுக்கிடும் இடங்கள் உண்டு. ‘சர்வ் தி சர்வன்ட்ஸ்’ பாட்டின் நடுவே வரும் கிட்டார் சோலோ முற்றிலும் வேறு, அன்று பதிவாகிப் பயன்படாமல் போன வாசிப்பு. பல வருடமாக மனப்பாடமாகிவிட்ட பாட்டில் திடீரென்று வேறு சோலோ வந்தால், சொந்த வீட்டில் வழி தவறுவது போலிருக்கிறது. ‘டம்ப்’ பாட்டில் செல்லோ முன்னே வந்து நிற்கிறது. மொத்தத்தில் இசைக்கருவிகளுக்கு இடையில் காற்று அதிகம், ஒவ்வொன்றும் தனித்துக் கேட்கும்.

எனக்கு இது பிடிக்கும். ஆனால் பழையதன் இடத்தை இது பிடிக்கக்கூடாது. முதல் மிக்ஸில் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வரும் அந்த நெருக்கடிதான் ஆல்பத்தின் குணம். நல்லவேளையாக, பழையதை ஒழித்துவிட்டு இதை மட்டும் கடையில் வைக்கவில்லை. வேறு சில குழுக்கள் அதைச் செய்திருக்கின்றன.

2023 ரீமாஸ்டர் செய்தது யார்?

பாப் லுட்விக். 1993ல் இதே ஆல்பத்தை முதலில் மாஸ்டர் செய்தவரும் அவர்தான். மெய்ன் மாநிலம் போர்ட்லண்டில் கேட்வே மாஸ்டரிங் என்ற கூடத்தை நடத்தி வந்தார். ராக் இசையில் பெரிய பெயர்கள் பலவும் அவர் கையைத் தாண்டித்தான் கடைக்கு வந்திருக்கின்றன. அவர் ஓய்வுபெறும் தறுவாயில் செய்த கடைசி வேலைகளில் இது ஒன்று.

முப்பது வருடத்துக்கு முன் தானே முடித்ததைத் திரும்ப எடுத்திருப்பதால் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். நல்ல ஹெட்ஃபோனில் பக்கத்துப் பக்கம் வைத்துக் கேட்டால் பேஸும் டிரம்ஸும் கொஞ்சம் திடமாக இருப்பதாக எனக்குப் படுகிறது. பேருந்தில் போய்க்கொண்டே கேட்டால் எதுவும் தெரியாது. என்னைக் கேட்டால், ரீமாஸ்டர் பற்றிச் சொல்லக்கூடிய நல்ல வார்த்தையும் அதுதான்.

அப்படியானால் 2023 பெட்டியில் வாங்க என்ன இருக்கிறது?

கச்சேரிகள்தான். இரண்டு முழுக் கச்சேரி: லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் கிரேட் வெஸ்டர்ன் ஃபோரம் அரங்கில் 1993 டிசம்பர் 30 அன்று நடந்தது, சியாட்டில் சென்டர் அரீனாவில் 1994 ஜனவரி 7 அன்று நடந்தது. கூடுதலாக ரோம், ஸ்பிரிங்ஃபீல்டு, நியூயார்க் மேடைகளிலிருந்து ஆறு டிராக்.

இந்தச் சுற்றுப்பயணத்தில் நிர்வாணா மூவர் குழு அல்ல. ஜெர்ம்ஸ் குழுவில் இருந்த பேட் ஸ்மியர் இரண்டாவது கிட்டாராகச் சேர்ந்திருந்தார், செல்லோவுக்கு லோரி கோல்ட்ஸ்டன் வந்தார். ஸ்மியர் வந்தபிறகு கோபேனுக்குத் தோளிலிருந்து ஒரு சுமை இறங்கியது போலிருக்கிறது. பாடுவதில் கவனம் வைக்கிறார். முதல் பாட்டாக ‘ரேடியோ ஃபிரெண்ட்லி யூனிட் ஷிஃப்டர்’, அந்தப் பயணத்தின் பெரும்பாலான மேடைகளிலும் அப்படித்தான் தொடங்கினார்கள். இரைச்சலோடு ஆரம்பித்து, வந்தவரை ஒரே நேரத்தில் வரவேற்று விரட்டவும் செய்யும் பாட்டு. இதை முதலில் வைத்த துணிச்சலைப் பாராட்ட வேண்டும்.

‘நெவர்மைண்ட்’ பாட்டுகளும் புதுப் பாட்டுகளும் மாறி மாறி வருகின்றன. கூட்டத்துக்கு எது தெரியும் என்பது ஆரவாரத்திலேயே புரியும். ஸ்டுடியோவில் கொஞ்சம் மறைத்துப் பாடிய வரிகளை மேடையில் வெளிப்படையாகப் பாடுகிறார் கோபேன். ‘பென்னிராயல் டீ’ எனக்கு மேடையில்தான் பிடிக்கிறது.

பழைய மேடைப் பதிவு என்றால் ஒலி மோசமாக இருக்குமே?

இரண்டு கச்சேரிகளும் ஒலிக்கட்டுப்பாட்டு மேசையிலிருந்து நேராக எடுத்த ஸ்டீரியோ நாடாக்கள். அதாவது டிரம்ஸ் தனி, குரல் தனி என்று இல்லை. எல்லாம் ஏற்கெனவே ஒன்றாகக் கலந்தாயிற்று. மேசை நாடாவில் இன்னொரு தொல்லையும் உண்டு. அரங்கில் கிட்டார் தானாகவே சத்தமாகக் கேட்பதால் மேசை வழியாகக் குறைவாகத்தான் அனுப்புவார்கள், நாடாவில் குரல் பெரிதாகவும் கிட்டார் சோனியாகவும் விழும்.

இதைச் சரிசெய்து மறுபடி கட்டி எழுப்பியவர் ஜாக் எண்டினோ. சியாட்டில்காரர், 1989ல் வந்த நிர்வாணாவின் முதல் ஆல்பமான ‘பிளீச்’சைப் பதிவு செய்தவர். குழுவின் ஒலியை ஆரம்பம் முதல் அறிந்தவர் என்பது கேட்கும்போது தெரிகிறது. 41 நிமிட ஆல்பத்தின் துல்லியத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள். அரங்கத்தின் கனம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, தவறுகளும் அப்படியே இருக்கின்றன. அது போதும்.

இதுவரை கேட்காத ஸ்டுடியோ பாட்டு ஏதாவது உண்டா?

2023ல் இல்லை. சேர்த்திருக்கும் ஸ்டுடியோ டிராக்குகள் பழைய ரசிகர்களுக்குத் தெரிந்தவைதான்: க்ரோல் பாடும் ‘மேரிகோல்டு’, 1993ல் ஒரு தொகுப்பு ஆல்பத்தில் பெயர் போடாமல் ஒளிந்து வந்த ‘சாப்பி’ போன்றவை. ‘ஐ ஹேட் மைசெல்ஃப் அண்ட் வான்ட் டு டை’யும் உண்டு. ஒரு கட்டத்தில் ஆல்பத்துக்கே இதைத்தான் பெயராக வைப்பதாக இருந்தது. கோபேனுக்கு அது நக்கல். உலகம் நக்கலாக எடுத்துக்கொள்ளாது என்று நோவோசெலிக் தடுத்துவிட்டார். நல்ல காரியம் செய்தார்.

டெமோ வேண்டுமென்றால் 2013 பெட்டிக்குத்தான் போக வேண்டும்.

‘யூ நோ யூ ஆர் ரைட்’ எங்கே?

அது இந்த ஆல்பத்துக்கான பதிவில் வந்ததல்ல. 1994 ஜனவரி கடைசியில் சியாட்டில் பக்கம் ராபர்ட் லாங் ஸ்டுடியோவில் எடுத்தது, 2002ல்தான் வெளிவந்தது.

சிலரிடம் உள்ள பழைய சிடியின் பின்னட்டை வேறு மாதிரி இருக்கிறதே?

வால்மார்ட், கேமார்ட் கடைகளுக்காகச் செய்த பதிப்பு அது. பின்னட்டையில் கோபேன் அடுக்கி வைத்த கருச்சிசு பொம்மைகளின் படமும், ‘ரேப் மீ’ என்ற பாட்டுப் பெயரும் இருந்ததால் அந்தக் கடைகள் ஆல்பத்தை எடுக்க மறுத்தன. 1994 மார்ச்சில் படத்தைத் திருத்தி, பாட்டுப் பெயரை ‘வெய்ஃப் மீ’ (Waif Me) என்று மாற்றி ஒரு பதிப்பு கொடுத்தார்கள். பாட்டு மாறவில்லை, அட்டையில்தான் மாற்றம். வன்புணர்வுக்கு எதிராக, தாக்கப்பட்டவள் பக்கம் நின்று எழுதிய பாட்டு அது என்று கோபேன் பலமுறை விளக்கிவிட்டார்.

விட்டுக்கொடுத்ததற்கு அவர் சொன்ன காரணம் முக்கியமானது. சின்ன ஊரில் வளர்ந்த பையனுக்கு இசை வாங்க அந்த மாதிரிக் கடையை விட்டால் வேறு வழி கிடையாது. அவரே அபர்டீன் என்ற மரம் வெட்டும் ஊரில் வளர்ந்தவர். அதே பதிப்பில் ‘பென்னிராயல் டீ’யும் லிட்டின் மிக்ஸாக மாறியிருக்கும், அது சேகரிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்.

‘ஆல் அபாலஜீஸ்’ முடிந்து ரொம்ப நேரம் கழித்து ஏதோ இரைச்சல் வருகிறது. என் சிடி பழுதா?

பழுது இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே விற்ற சிடியில் கடைசிப் பாட்டுக்குப் பின் சுமார் இருபது நிமிடம் மௌனம், பிறகு ‘கேலன்ஸ் ஆஃப் ரப்பிங் ஆல்கஹால் ஃப்ளோ த்ரூ தி ஸ்ட்ரிப்’ என்று ஒரு ஒளித்துவைத்த டிராக். 1993 ஜனவரியில் பிரேசிலின் ரியோவில் எடுத்தது. இரவில் தூங்கிப்போனவர்கள் தூக்கிவாரிப்போட்டு எழுந்திருப்பார்கள். 2023 பதிப்பில் காத்திருக்க வேண்டியதில்லை, தனி டிராக்காகவே இருக்கிறது.

பெட்டிக்குள் பாட்டைத் தவிர என்ன உண்டு?

எட்டு எல்பி (வினைல் தட்டு) கொண்ட சூப்பர் டீலக்ஸில் அட்டைப்படத்து இறக்கை முளைத்த உடற்கூறு பொம்மையை அச்சிட்ட அக்ரிலிக் தகடு, 48 பக்கக் கெட்டி அட்டைப் புத்தகம், 20 பக்கச் சிற்றிதழ், லாஸ் ஏஞ்சலஸ் கச்சேரி போஸ்டர், அந்தக் காலத்துத் துண்டறிக்கை, டிக்கெட், மேடைப்பின் அனுமதிச் சீட்டு ஆகியவற்றின் நகல்கள், கடையில் தொங்கவிட்ட பொம்மை விளம்பரத்தின் நகல் எல்லாம் உண்டு. புத்தகமும் சிற்றிதழும் பார்க்கத் தகுந்தவை. போகாத கச்சேரிக்குப் போலி டிக்கெட் எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ராயல்டி வேண்டாம் என்றவர் பதிவு செய்த ஆல்பத்தை இத்தனை சாமான் போட்டு விற்பது கொஞ்சம் உறுத்துகிறது.

சரி, நான் எதை வாங்கலாம்?

வினைல் சேகரிப்பவர், பணம் பிரச்சினை இல்லை என்றால் எட்டு எல்பி. ஆனால் இங்கே தருவித்தால் அனுப்பும் கூலியும் சுங்க வரியும் சேர்ந்து பெட்டி விலையையே தொட்டுவிடக்கூடும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கச்சேரிகள் முழுதாக வேண்டும், அலங்காரம் வேண்டாம் என்றால் ஐந்து சிடி பதிப்பு. ஆல்பமும் கொஞ்சம் மேடையும் போதும் என்றால் இரண்டு சிடி. ஆல்பத்தோடு பத்து அங்குலத் தட்டு ஒன்று சேர்ந்த வினைல் பதிப்பும் வந்தது.

வெறும் ஆல்பம் மட்டும் போதுமா? பழைய கடையில் 1993 சிடி கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை.

ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே பெயரில் பல ஆல்பம் வரிசையாகக் கிடக்கும், கவனித்து எடுங்கள். பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில் ‘2013 மிக்ஸ்’ என்று இருந்தால் அல்பினியின் புது மிக்ஸ். வெறுமே ரீமாஸ்டர் என்றிருந்தால் மிக்ஸ் பழையதுதான். ஊர்ப்பெயரும் தேதியும் இருந்தால் மேடைப் பதிவு. இன்னும் சந்தேகம் என்றால் ‘சர்வ் தி சர்வன்ட்ஸ்’ போட்டுப் பாருங்கள், சோலோவிலேயே தெரிந்துவிடும்.

நிர்வாணாவை இப்போதுதான் கேட்கப் போகிறேன். இந்தப் பெட்டியிலிருந்து தொடங்கலாமா?

வேண்டாம். முதலில் பன்னிரண்டு பாட்டையும் வரிசை மாற்றாமல், நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். ‘ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்’, ‘டம்ப்’ உடனே பிடித்துவிடும். ‘மில்க் இட்’ முதலில் எரிச்சலூட்டும், அது பழக நேரம் எடுக்கும். பிறகு சியாட்டில் கச்சேரி. அதற்கப்புறமும் ஆசை இருந்தால் 2013 மிக்ஸ். டெமோக்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சும்மா தாண்டிப் போனாலும் நஷ்டம் இல்லை.